உடல் இளைக்க விற்கப்படும் மாத்திரைகள்

நமது நாட்டின் உணவுப் பிரச்சினை என்றால் போதிய உணவு இல்லாமையே என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்பிரச்சினை இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எனினும் அதன் அருகிலேயே வேறொன்றும் தோன்றியுள்ளது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 24 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். அதே பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர் எடை குறைந்தவர்கள். ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், இவ்விரு நிலைகளையும் களப் பணியாளர்கள் காண்கின்றனர்.

எடை மிகுந்தோர் தொகை பெருகியதை ஒட்டி, அவர்களுக்கென விற்கப்படும் பண்டங்களும் பெருகிவிட்டன. மருந்துக் கடைகளிலும், உடற்பயிற்சிக் கூடங்களிலும், இணையத்தின் வழியாக வீட்டு வாயிலிலுமே இவை கிடைக்கின்றன. மருத்துவரின் சீட்டு வேண்டுவதில்லை. சில கொழுப்பைக் கரைக்கும் என்கின்றன. சில பசியை அடக்கும் என்கின்றன. பெரும்பாலானவை மூலிகையால் ஆனவை என்று சொல்லிக்கொள்கின்றன. வாங்குவோர் கேட்பது ஒரே கேள்வி: இதை உண்டால் இளைக்குமா? இதற்கு விடை காணுமுன், எடை இயந்திரம் காட்டும் எண் எதனைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

எடை இயந்திரத்திற்குக் கொழுப்பு எது, தண்ணீர் எது என்று தெரியாது. உடலிலுள்ள கொழுப்புத் திசு ஒரு கிலோகிராம் குறைய வேண்டுமாயின், ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். (இங்குக் கலோரி எனப்படுவது உணவியலில் வழங்கும் பெருங்கலோரியாகும்.) "ஏழே நாளில் ஐந்து கிலோ" என்று ஒரு விளம்பரம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோ கொழுப்புக்கு 38,500 கலோரி செலவாக வேண்டும். சற்றுப் பருமனான ஒரு பெண்ணின் உடல் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 2,000 கலோரி. அவர் ஏழு நாளும் ஒரு பருக்கையும் உண்ணாமல் பட்டினி கிடந்தாலும் செலவாவது 14,000 கலோரியே. அவ்வளவும் கொழுப்பிலிருந்தே வந்ததாகக் கொண்டாலும் குறையும் கொழுப்பு இரண்டு கிலோவுக்கும் குறைவுதான். உணவை அறவே நிறுத்தினாலும் நடவாத காரியத்தை, உணவோடு சேர்த்து உண்ணும் மாத்திரை எவ்வாறு நடத்தும்? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். விளம்பரத்தை மாணவர்களே கொண்டுவந்தால் மேலும் நன்று.

அப்படியானால் சிலருக்கு முதல் வாரத்திலேயே எடை குறைவது பொய்யா? பொய்யன்று. குறைவது தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். உணவைக் குறைத்தவுடன் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பே. அதனோடு தண்ணீரும் வெளியேறுகிறது. பழையபடி உண்ணத் தொடங்கியதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். மாத்திரை விற்போர் "முதல் வாரத்தின் பலன்" என்று காட்டுவது பெரும்பாலும் இதுவே.

தண்ணீரை இன்னும் வேகமாக வெளியேற்றும் பண்டங்களும் உண்டு. உடலை இளைக்கச் செய்யும் தேநீர், குடலைச் சுத்திகரிக்கும் மாத்திரை என்ற பெயர்களில் விற்கப்படுபவை பலவற்றில் இருப்பது நிலாவரை இலை. திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அவ்வூரின் பெயராலேயே உலகச் சந்தைகளில் அறியப்படும் இவ்விலை மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேலை செய்யும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் சத்தைச் சிதைத்த பிறகே பேதி உண்டாகிறது. உணவின் சத்துக்களோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பேதி மருந்தினால் நான்கு முதல் ஆறு லிட்டர் வரை பேதியான பின்னரும், உண்ட கலோரியில் உறிஞ்சப்படாமல் போனது நூற்றுக்குச் சுமார் 12 பங்கே எனக் கண்டனர். தண்ணீரோடு பொட்டாசியம் முதலிய உப்புக்களும் போய்விடுவதால் தசைப்பிடிப்பு, தளர்ச்சி, சிலருக்கு இருதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகியவை நேரும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூலிகைப் பண்டங்களுள் மிகவும் பேர்பெற்றது குடம்புளி. இதன் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையதாதலால் சற்று விரிவாகக் கூறத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் இப்பழத்தின் தோலை உலர்த்திக் கேரள மக்கள் மீன் குழம்பில் சேர்க்கின்றனர். குடகு நாட்டினர் இதன் சாற்றைக் கறுக்கக் காய்ச்சிக் கச்சம்புளி என்ற பெயரில் பன்றிக்கறிக்குப் பயன்படுத்துகின்றனர். இப்புளிப்புக்குக் காரணம் சாதாரண சிட்ரிக் அமிலமும் டார்டாரிக் அமிலமுமே என்று முன்னர் எண்ணப்பட்டு வந்தது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும், அது ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்னும் வேறொரு பொருள் என்று 1965இல் நிறுவினர். உடலில் மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் பங்குகொள்ளும் ஒரு நொதியை இவ்வமிலம் தடுக்கிறது என்பது 1969இல் அமெரிக்காவில் தெரியவந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவை குறைவாக உண்டன. கொழுப்பும் குறைவாகவே உண்டாயிற்று.

எலியில் கண்டது மனிதனிலும் நிகழுமா என்பதை ஆராயாமலே குடம்புளிச் சாறு குளிகைகளாக உருவெடுத்து உலகெங்கும் விற்பனையாகத் தொடங்கியது. 1998இல்தான் ஒரு செம்மையான சோதனையின் முடிவு வெளிவந்தது. எடை மிகுந்த 135 பேர் அதில் பங்குகொண்டனர். அனைவருக்கும் ஒரே வகையான, கலோரி குறைந்த உணவுத் திட்டம் அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலமும், மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுடைய, மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது கிடைத்தது என்பது உண்டவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. பன்னிரண்டு வாரங்களின் முடிவில் குடம்புளிச் சத்தை உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தனர். வெறும் மாத்திரையை உண்டவர்களோ 4.1 கிலோ குறைந்திருந்தனர்! கணித முறைப்படி இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அன்று. இரண்டு மாத்திரைகளும் ஒன்றே என்பதுதான் முடிவு.

இதற்கான காரணமும் விளங்காததன்று. வழக்கமான உணவை உண்ணும் மனிதரின் உடலில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி, உணவிலுள்ள எண்ணெய், நெய் முதலியவற்றிலிருந்தே நேராக வந்து சேர்கிறது. மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் வேலை எலியில் நடப்பதைப்போல் மனிதனில் அவ்வளவாக நடைபெறுவதில்லை. அதிகம் பயன்படாத வாயிலை அடைத்து வைப்பதால் என்ன பயன்?

இச்சோதனையில் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டிய பகுதி, வெறும் மாத்திரையை உண்டவர்களும் இளைத்தார்கள் என்பதே. இளைக்கச் செய்தது உணவுத் திட்டம். அவர்களுள் ஒருவரை மட்டும் அழைத்துக் கேட்டால், "இந்த மாத்திரையினால் நான்கு கிலோ குறைந்தேன்" என்று மனமாரக் கூறியிருப்பார். விளம்பரங்களில் வரும் நற்சான்றுகள் யாவும் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அவை உண்மையாகவே இருந்தாலும் எதனையும் நிரூபிப்பதில்லை. பெரும்பாலான உறைகளில் "உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் சேர்த்து உண்ணவும்" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும் காரணமில்லாமல் அன்று.

பயனற்றது ஆனாலும் தீங்கற்றது என்று இவற்றை விட்டுவிடவும் இயலாது. குடம்புளிச் சாறு அடங்கிய குளிகைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மருத்துவ ஏடுகளில் செய்திகள் வந்துள்ளன. குழம்பில் சேரும் இரண்டு துண்டு புளியையும், அதன் சத்தைச் செறிவாக்கிய குளிகையையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. பச்சைத் தேயிலையும் அப்படியே. கோப்பையில் வடித்துப் பருகும் பானம் வேறு. அதன் சத்துக்களை வடித்தெடுத்து அடைத்த மாத்திரை வேறு. அச்சத்துக்களுள் ஒன்றை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணை உணவாக உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் அறிவித்தது.

இனி, உண்மையிலேயே உடலை இளைக்கச் செய்த மருந்துகளைப் பார்ப்போம். அவற்றின் வரலாறு மகிழ்ச்சி தருவதாக இல்லை. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தனர்; கடுங்காய்ச்சல் கண்டு சிலர் இறந்தனர். 1933இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் இதனைப் பருமனுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். எடை குறைந்தது. உடனே மருந்துச் சீட்டின்றியே கடைகளில் விற்பனை தொடங்கியது. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் குறைந்தது ஒரு லட்சம் பேர் இதனை உண்டதாக மதிப்பிடப்பட்டது. உயிரணுக்கள் உணவை எரித்துப் பெறும் ஆற்றலைச் சேமிக்கவிடாமல் இது வெப்பமாக வீணாக்குகிறது. அதாவது, விறகு எரிகிறது, சோறு வேகவில்லை. உண்ணும் அளவு சற்று மிகுந்தால் உடலின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தணிப்பதற்கு மாற்று மருந்து கிடையாது. உயிர் பிழைத்தோர் பலருக்கு இளம் வயதிலேயே கண்ணில் புரை விழுந்தது. 1938இல் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே இம்மருந்து நீங்கியது. இன்றும் சில நாடுகளில் கள்ளத்தனமாக இணையத்தில் விற்கப்பட்டு உயிர்களைக் கொள்ளை கொள்கிறது.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஆம்பிட்டமின் வகை மருந்துகள் பசியை அடக்கின. தூக்கத்தையும் மன அமைதியையும் கெடுத்து அடிமைப்படுத்தின. 1965இல் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் வந்த அமினோரெக்ஸ், நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தத்தை உயர்த்தியதால் 1968இல் திரும்பப் பெறப்பட்டது. பென்ஃபுளூரமின், இருதயத்தின் வால்வுகளைக் கெடுத்தது கண்டுபிடிக்கப்பட்டு 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது. ரிமோனபன்ட் மனச்சோர்வை உண்டாக்கியதால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. 2009இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது.

களப் பணியாளர் தனியே நினைவில் கொள்ள வேண்டிய பெயர் சிபுட்ராமின். பசியடக்கியாகப் பல ஆண்டுகள் விற்கப்பட்ட இம்மருந்தை, இருதய நோயோ நீரிழிவோ உடைய ஏறக்குறைய 9,800 பேரிடம் நீண்ட காலம் சோதித்ததன் முடிவு 2010இல் வெளியாயிற்று. மருந்தில்லாத மாத்திரையை உண்டவர்களில் ஆயிரத்துக்கு 100 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்துன்பங்கள் நேர்ந்தன. சிபுட்ராமின் உண்டவர்களில் ஆயிரத்துக்கு 114 பேருக்கு நேர்ந்தன. ஆயிரத்துக்கு 14 பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இளைக்க விரும்பி லட்சக்கணக்கானோர் உண்ணும் மருந்தில் அது சிறிதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்வாண்டே விற்பனை நிறுத்தப்பட்டது. இந்திய அரசாங்கம் 2011இல் இதனைத் தடை செய்தது.

ஆனால் தடை செய்யப்பட்ட மருந்து மறைந்துவிடவில்லை, வேடம் மாறிவிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டுபிடித்த, மருந்து கலந்த துணை உணவுகள் 776. அவற்றுள் உடல் இளைக்க விற்கப்பட்டவை 317. இந்த 317இல் நூற்றுக்கு 85 விழுக்காட்டில் கலந்திருந்தது சிபுட்ராமினே. உறையில் அதன் பெயர் இல்லை. ஆகவே, ஒரு "மூலிகைக் குளிகை" முதல் நாளிலேயே பசியை முற்றிலும் அடக்கி, வாயை உலரச் செய்து, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, நெஞ்சைப் படபடக்க வைக்குமாயின், உறையில் எழுதப்படாத ஏதோ ஒன்று உள்ளே இருப்பதாக ஐயுறுதல் வேண்டும். "நன்றாக வேலை செய்கிறது" என்று உண்பவர் மகிழ்வதே இங்கு அபாயக் குறியாகும்.

உறையில் எழுதியபடியே உண்மையாக வேலை செய்து, அயல்நாடுகளில் சீட்டின்றி விற்க அனுமதி பெற்ற மருந்து ஒன்று உண்டு, அது ஆர்லிஸ்டாட். 60 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2007இலும் ஐரோப்பாவில் 2009இலும் இவ்வனுமதி அளிக்கப்பட்டது. குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியை இது தடுக்கிறது. இந்த அளவில், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரியாமல் மலத்தோடு போய்விடுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 60 கிராம் கொழுப்பு உண்பாராயின் 15 கிராம் நீங்கும். கிராமுக்கு 9 கலோரி வீதம் 135 கலோரி. ஒரு மாதத்தில் அரை கிலோவுக்குச் சற்று மேல் குறையலாம். ஆனால் பெரும்பாலும் சோறும் சாம்பாரும் உண்டு, நாளில் 25 கிராம் கொழுப்பே சேர்த்துக்கொள்பவருக்கு நீங்குவது 56 கலோரி; சர்க்கரை போட்ட ஒரு தம்ளர் தேநீரை விட்டுவிட்டாலே அது கிடைத்துவிடும். அரிசியையும் சர்க்கரையையும் இம்மருந்து தொடுவதே இல்லை. எண்ணெய்ப் பலகாரம் உண்டபின் இதனை விழுங்கினால் எண்ணெய் கலந்த மலம் அடக்க முடியாமல் வெளியேறும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து போய்விடும். தைராய்டு மாத்திரை உண்போருக்கு அதன் பலன் குறையும். கல்லீரலுக்குக் கடுந்தீங்கு நேர்ந்த அரிய நிகழ்ச்சிகளும் உண்டு. மருத்துவரைக் கேளாமல் இதனை நம் நாட்டில் எவரும் தொடங்குவது தகாது.

2025ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த டிர்ஸெப்படைட், பருமனுக்கான செமக்ளூடைட் ஆகிய ஊசி மருந்துகள் இக்கட்டுரையின் பொருளைச் சேர்ந்தவை அல்ல. அவை மருத்துவரின் மேற்பார்வையில் அளிக்கப்பட வேண்டியவை. அவற்றின் பலன் மெய்யானது. அவற்றின் புகழைக் கடன்வாங்கி, "ஊசியின்றி அதே பலன்" என்று விற்கப்படும் மாத்திரைகளை அவற்றோடு சேர்த்து எண்ணலாகாது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் ஒரு நோயாகக் குறிக்கப்பட்டுள்ளது. அதனைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தல் குற்றமாகும். சட்டம் எழுபது ஆண்டுக்கு மேல் பழையது. விளம்பரங்கள் நாள்தோறும் புதியவை. இச்சட்டத்தைத் தவிர்க்கவே பலர் தம் பண்டத்தை மருந்து என்று சொல்லாமல் துணை உணவு என்று விற்கின்றனர். துணை உணவாயின் அதன் உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவ உபயோகத்திற்கு அன்று என்னும் வாசகமும் இருத்தல் வேண்டும். உறையின் முகப்பில் "கொழுப்பைக் கரைக்கும்" என்றும், பின்புறம் "மருத்துவ உபயோகத்திற்கு அன்று" என்றும் எழுதியிருப்பதை அருகருகே காட்டினாலே பலருக்கு விஷயம் புரிந்துவிடும். உரிம எண் இருப்பது, அப்பண்டம் இளைக்கச் செய்யும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

களப் பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே விடை வரும், இப்பண்டங்களை மக்கள் மாத்திரையாகக் கருதுவதில்லை. "இளைப்பதற்குப் பொடி, தேநீர், குளிகை ஏதேனும் வாங்கினீர்களா?" என்று கேட்பதே பயன் தரும். குறை கூறும் குரலில் கேட்டால் மறைத்துவிடுவார்கள். ரத்த அழுத்தம், இருதய நோய், தைராய்டு நோய், நீரிழிவு உடையவர்களிடமும், கர்ப்பிணிகளிடமும், பாலூட்டும் தாய்மாரிடமும் தவறாது கேட்க வேண்டும். ஆசிரியர்களுக்கு வேறொரு கவலை உண்டு. 155 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ள ஒரு கல்லூரி மாணவியின் உடல் நிறைக் குறியீடு 21.6, இந்தியர்களுக்கு 23க்கு மேற்பட்டால்தான் மிகை எடை எனக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு இளைக்க வேண்டிய தேவையே இல்லாத இளம் பெண்கள் மாத்திரைகளையும் பேதித் தேநீரையும் நாடுவது உண்டு. அத்தகையவருக்குத் தேவைப்படுவது எடையைப் பற்றிய அறிவுரை அன்று. வீட்டாரோடும் மருத்துவரோடும் பேச வழி செய்தலே.

நெஞ்சு வலி, விடாத படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழத்தல், மயக்கம், கடுங்காய்ச்சல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும் பண்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டார் வெட்கத்தினால் குளிகைகளை எறிந்துவிடுவது வழக்கம். அவ்வாறு எறியவிடாமல் மிஞ்சிய குளிகைகளையும், உறையையும், வாங்கிய ரசீதையும் நோயாளியோடு அனுப்ப வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சோதனைச் சாலை அவற்றிலிருந்தே அறிய முடியும். மருந்துகளால் நேரும் தீய விளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு எவரும் அறிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பண்டத்தின் பெயர், உறையிலுள்ள தொகுதி எண், உண்ணத் தொடங்கிய நாள், தொல்லை தோன்றிய நாள் ஆகிய நான்கையும் குறித்துவைத்துக்கொண்டு அழைப்பது நன்று.